சிறையில் எழுதப்பட்ட கட்சி

தமிழ்நாட்டு நக்சல்பாரிகளைப் பற்றிப் படிக்க ஏதாவது கொடுங்கள் என்று யாராவது கேட்டால் என் கை இரண்டு புத்தகங்களிடம் போகும். ஒன்று, புலவர் கு. கலியபெருமாளின் 'மக்கள் துணையோடு மரணத்தை வென்றேன்'. இன்னொன்று, தியாகுவின் 'சுவருக்குள் சித்திரங்கள்'. முதலாவது தன்வரலாறு. இரண்டாவது, ஜூனியர் விகடனில் தொடராக வந்து, அரசியல் பேசாத வீடுகளுக்குள்ளும் போய்ச் சேர்ந்த சிறை நினைவுகள். எழுதிய இருவருமே தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டவர்கள். கலியபெருமாள் 1983இல் வெளியே வந்தார். தியாகு 1985இல். வெற்றிமாறனின் 'விடுதலை' இரண்டு பாகங்களும் வந்த பிறகு இந்தப் புத்தகங்களைத் தேடுகிற இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். மோகனூரில் மட்டும் என்னிடமிருந்து மூன்று பேர் வாங்கிப் போனார்கள். திருப்பிக் கொடுத்தது ஒருவர்தான், அது வேறு கதை.

இரண்டையும் சேர்த்து மறுபடி படித்தபோது எனக்கு ஒரு மனக்குறை வளர்ந்துகொண்டே வந்தது. இந்தக் கட்சியை நாம் ஜெயிலுக்குள் இருந்துகொண்டுதான் பார்க்கிறோம். தூக்குமேடை தெரிகிறது, கொட்டடி தெரிகிறது, வார்டனின் தடி தெரிகிறது. யாருக்காகக் கட்சி தொடங்கப்பட்டதோ அந்தக் கூலிக்காரர்களின் தெருவும் வயலும் மங்கலாகத்தான் தெரிகின்றன. புத்தகம் எழுதியவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கட்சி வேலை செய்த விதத்திலேயே இதற்கான காரணம் இருந்தது என்பது என் வாசிப்பு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். 1967 மே மாதம் வங்காளத்தின் நக்சல்பாரியில் நிலத்துக்காக எழுந்த விவசாயிகள் மீது போலீஸ் சுட்டதில் பெண்களும் குழந்தைகளுமாகப் பதினொரு பேர் செத்தார்கள். அப்போது அங்கே ஆட்சியில் மார்க்சிஸ்ட் கட்சியும் பங்கு வகித்தது. அந்தக் கட்சியிலிருந்து உடைந்தவர்கள் 1969 ஏப்ரல் 22, லெனின் பிறந்தநாளில், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிஸ்ட் - லெனினிஸ்ட்) என்ற புதுக் கட்சியைக் கட்டினார்கள். தமிழ்நாட்டில் அதன் முதல் தலைவர் கோவை எல். அப்பு. நான்கு மாதம் முன்னால்தான், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 தலித் மக்கள் எரிக்கப்பட்டிருந்தார்கள். கூலி நெல்லில் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கு அந்தத் தண்டனை. வெண்மணிக்குப் பிறகும் மனு எழுதிக்கொண்டிருப்பதா என்று கேட்ட இளைஞர்களின் கோபத்தை இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு கேலி செய்ய முடியாது. கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுக் கும்பகோணத்திலிருந்து தியாகு போனார். கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த தமிழரசன் போனார்.

கலியபெருமாள் அப்படிப் போனவர் அல்ல. அவர் பிள்ளை குட்டிக்காரர். 1924இல் பிறந்தவர், பெண்ணாடம் பக்கத்துச் சௌந்தரசோழபுரத்துக்காரர், தமிழாசிரியர். கட்சி பிறந்தபோது வயது 45. மார்க்சிஸ்ட் கட்சியில் பல வருஷம் ஊர் ஊராகச் சங்கம் கட்டிய அனுபவத்தோடு வந்தார். 1970இல் அவருடைய தென்னந்தோப்பில் வெடிகுண்டு செய்யும்போது அது வெடித்து, கணேசன், காணகராஜ், சர்புதீன் என்ற மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். பிறகு தலைமறைவு, கைது, வழக்கு. அதே 1970க்குப் பிறகு அப்புவை யாரும் பார்க்கவில்லை. போலீஸ் பிடித்துக் கொன்றது என்பது தோழர்கள் சொல்வது. 1972 ஜூலை 28 அன்று கல்கத்தாவில் போலீஸ் காவலில் சாரு மஜும்தார் இறந்துபோனார். ஆக, தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தக் கட்சியின் முதல் வாழ்க்கை ஏறக்குறைய இரண்டே வருஷம். ஜெயில் வாழ்க்கை பன்னிரண்டு, பதினைந்து வருஷம். எழுத உட்காருகிறவனின் நினைவு எந்தப் பக்கம் சாயும் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

ஆனால் கணக்கு மட்டும் இல்லை. சாரு மஜும்தார் 1970இல் கொரில்லா நடவடிக்கை பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். படித்த தோழர் ஒருவர், ஏழை விவசாயி ஒருவரை அணுகி, காதோடு காதாகப் பேச வேண்டும் என்கிறது அது. இன்ன பண்ணையாரை முடித்துவிட்டால் என்ன என்று. இரண்டு பேர் மூன்று பேராகி, ரகசியக் குழுவாகி, துப்பாக்கி இல்லாமல், கையில் கிடைக்கும் அரிவாளோடு போக வேண்டும். கட்சியின் மற்ற அலகுகளுக்குக்கூடத் தெரியக்கூடாது. விவசாயச் சங்கம், தொழிற்சங்கம் போன்ற வெகுஜன அமைப்புகள் எல்லாம் புரட்சிக்குத் தடை என்று ஓரம் கட்டப்பட்டன. அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது எனக்கு மேலோங்கித் தெரிவது அந்தக் கிசுகிசுப்புதான். காதோடு பேசியது எந்த நோட்டில் பதிவாகும்? அந்த ஏழை விவசாயி என்ன பதில் சொன்னான், பயந்தானா, மறுத்தானா, பெண்டாட்டியிடம் சொல்லி அழுதானா? அந்தப் பாதிக் காட்சி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கட்சி வரலாற்றில் ஊர்க்காரர்களுக்குக் குரல் இல்லாமல் போனது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இதை மோகனூரில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண்ணாடமும் எங்கள் ஊரும் ஒருவகையில் பங்காளிகள். இரண்டும் கரும்பு ஊர். பெண்ணாடத்தை ஒட்டி இறையூரில் சர்க்கரை ஆலை, எங்களுக்குச் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. ராஜவாய்க்கால் பாயும் காவிரிக்கரை வயல்களில் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் கோரையும் இருந்த இடத்தில் கரும்பும் சேர்ந்துகொண்டது. கலியபெருமாள் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகள் அவர் தலைமறைவுக்குப் போவதற்கு முந்தைய பகுதிகள். கூலி, கரும்பு, ஆலை, சங்கம். அந்த மனிதர் ஊர்ப் பஞ்சாயத்தில் எழுந்து நின்றால் எதிராளி உட்கார்ந்துவிடுவான் என்று தோன்றும். தமிழாசிரியருக்கே உரிய ஒரு கம்பீரம். அப்புறம் கட்சி லைன் வருகிறது. இத்தனை வருஷம் கட்டியதை உதறிவிட்டு ஐந்து பேரோடு இருட்டுக்குள் போ என்கிறது. அவர் போகிறார். ஏன் போனார் என்ற கேள்விக்குப் புத்தகத்தில் தத்துவார்த்தமான பதில் உண்டு. எனக்கு அது போதவில்லை. சங்கம் கட்டிய கைக்கு அதை விட்டுவிட்டு வர எவ்வளவு வலித்திருக்கும் என்பதை அவர் எழுதவில்லை. அந்தத் தலைமுறையின் கூச்சம் அது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெண்ணாடத்தில் நடந்தது ஏன் மோகனூரில் நடக்கவில்லை? என்னுடைய ஊகத்தைச் சொல்கிறேன். எங்கள் ஆலை கூட்டுறவு ஆலை. கரும்பு போடும் கவுண்டரே பங்குதாரர். கரும்பு பாக்கி வரவில்லை, கட்டிங் ஆர்டர் தாமதமாகிறது, ரெக்கவரி குறைத்துக் காட்டுகிறான் என்றால் திட்டுவதற்கு ஒரு ஆபீஸ்தான் இருக்கும், மாற்றலாகிப் போகிற அதிகாரி இருப்பார். முகம் உள்ள முதலாளி கிடையாது. வயலில் எதிரி என்றால் அது இன்னும் சிக்கல். பத்து ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்துக்கொண்டு தானும் சேற்றில் இறங்குகிற குடியானவர்தான் பண்ணையாளுக்கு எஜமானர். தஞ்சாவூர் மிராசுதாரைப் போல நாற்காலியில் உட்கார்ந்தவர் இல்லை. அதனால் கொடுமை குறைவு என்று அர்த்தமில்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' படித்தவர்களுக்குத் தெரியும். பண்ணையத்துக்கு விடப்பட்ட அருந்ததியர் சிறுவர்கள் ஆடு மேய்க்கும் அந்த மேட்டுக்காட்டில் கட்சி என்ற ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடையாது. சிவப்பும் இல்லை, கறுப்பு சிவப்பும் இல்லை. வர்க்க எதிரியைத் தேடி அந்தக் காட்டுக்குள் ஒரு ரகசியக் குழு வந்திருந்தால் யாரைக் கண்டுபிடித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அடிக்கிற கவுண்டரும் கடனாளி.

எங்கள் வட்டாரம் கொடுத்த இடதுசாரி நாவலாசிரியர் கு. சின்னப்ப பாரதி. 1935இல் பிறந்து 2022இல் மறைந்தவர், நாமக்கல் பக்கத்துப் பொன்னேரிப்பட்டிக்காரர், கடைசிவரை மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்தவர். நிலத்தை இழக்கிற குடியானவக் குடும்பத்தைப் பற்றி 'தாகம்', கொல்லிமலை மக்களைப் பற்றி 'சங்கம்', ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி 'சர்க்கரை'. தலைப்புகளே நிகழ்ச்சி நிரல் மாதிரி இருக்கும். இலக்கிய நண்பர்கள் இவரைப் படிக்காமலே பிரச்சாரம் என்று தள்ளிவிடுவார்கள். பிரச்சாரம் இல்லை என்று நானும் வாதாட மாட்டேன். எல்லா ஆறும் சங்கத்தில் வந்து கலக்க வேண்டும் என்ற அவசரம் அவர் நாவல்களின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஆனால் கடைசிக்கு முந்தைய பக்கங்களில் மனிதர்கள் வேலை செய்கிறார்கள். கூலி எவ்வளவு, கடன் யாரிடம், யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. மா-லெ கட்சியின் எழுத்தில் நான் தேடித் தேடிக் கிடைக்காதது அதுதான். சங்கத்துக்குள் இருப்பவனுக்குத் தினமும் பத்துப் பேரின் புலம்பலைக் கேட்டே ஆகவேண்டும். வேறு வழியில்லை. நாவலுக்கு அது பெரிய முதல்.

ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, சங்கத்திலும் இருந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை பழைய போராட்டங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். "நாங்க பேசுனது பூராம் மினிட்ஸ் நோட்டுல இருக்குதுங்க தம்பி. எங்களுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டதும் இருக்குது" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். புரட்சி பண்ணாத சங்கம் என்று அவர்களைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு அந்த நோட்டின் மதிப்பு தெரியாது.

அழித்தொழிப்பு என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனிநபர் அழித்தொழிப்பு. பார்க்கக் கம்பீரமான இரட்டைச் சொல். துண்டுப்பிரசுரத் தமிழில் பிறந்தது. சீனத்தில் யோசித்து, வங்காளத்தில் வெட்டி, ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்து சேர்ந்த சொல். எங்கள் பக்கம் ஒருவரை வெட்டிவிட்டார்கள் என்றால் 'வெட்டிப்புட்டாங்க' என்பார்கள். அதில் யாரை, எங்கே, எத்தனை பிள்ளை என்ற அடுத்த கேள்விகள் தானாக ஒட்டிக்கொண்டு வரும். அழித்தொழிப்பில் அந்தக் கேள்விகளுக்கு இடமில்லை. நினைவுக்குறிப்புகளில் கொல்லப்பட்ட நிலக்காரர்கள் ஒரு பெயர், ஒரு ஊர், இரண்டு குற்றச்சாட்டு என்ற அளவில் முடிந்துவிடுகிறார்கள். அவர்கள் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிலர் கொடுமைக்காரர்களாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மனிதனைக் கொன்றது சரிதான் என்று இன்னும் நம்புகிறவர்கூட, நம்புவதற்காகவாவது அவனை முழுசாக எழுதியிருக்க வேண்டாமா? தியாகு இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட நேர்மையானவர். உள்ளே இருந்தபோதே அந்த வழியிலிருந்து விலகினார், மார்க்சிஸ்ட் கட்சிப் பக்கம் வந்தார், மார்க்ஸின் 'மூலதன'த்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். அவருடைய கைதிகள் மறக்க முடியாதவர்கள். அதே கண் வெளியே, கிராமத்தில், இருந்த இரண்டு வருஷத்தின் மீதும் அதே நிதானத்தோடு விழுந்திருந்தால் என்ற ஏக்கம்தான் எனக்கு.

கேரளத்தோடு ஒப்பிட்டால் நம் ஏழ்மை தெரியும். 1968 புல்பள்ளி தாக்குதலில் பங்கெடுத்த அஜிதா, ஒரு பெண்ணாகத் தன் நினைவுகளை எழுதினார். வயநாட்டில் 1970 பிப்ரவரியில் வர்கீஸ் சுட்டுக்கொல்லப்பட்டது மோதலில் அல்ல, மேலதிகாரியின் உத்தரவுப்படி நான்தான் சுட்டேன் என்று ராமச்சந்திரன் நாயர் என்ற போலீஸ்காரர் 1998இல் வெளிப்படையாகச் சொன்னார். 2010இல் லட்சுமணா என்ற அந்த அதிகாரிக்குத் தண்டனை கிடைத்தது. சுட்டவனின் வாயிலிருந்து உண்மை வந்தது ஒரு சமூகத்துக்குப் பெரிய விஷயம். இங்கே அப்புவுக்காக அப்படிப் பேச யாரும் வரவில்லை. பெண்கள் தரப்பிலோ இன்னும் மோசம். கலியபெருமாள் வழக்கில் அவர் மனைவி வாலாம்பாள், பிள்ளைகள் என்று குடும்பமே அலைக்கழிக்கப்பட்டது. வாலாம்பாள் எழுதிய புத்தகம் என்று ஒன்றிருந்தால் அதைத்தான் நான் முதலில் கையில் எடுத்திருப்பேன். மகாஸ்வேதா தேவி '1084-இன் அம்மா'வை எழுதியது 1970களிலேயே. நமக்கு அப்படி ஒரு அம்மா கிடைக்கவில்லை.

தர்மபுரியில் கதை கொஞ்சம் வேறு. 1965 வரை தர்மபுரியும் நாமக்கல்லும் ஒரே சேலம் மாவட்டம். சேலம் ஜெயிலில்தான் 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். எழுபதுகளின் கடைசியில் தர்மபுரி, வடார்க்காட்டுக் கிராமங்களில் மா-லெ தோழர்கள் மறுபடி வெளியே வந்து வேலை செய்தார்கள். இம்முறை கந்துவட்டி, இரட்டை டம்ளர், கூலி என்று ஊர்ப் பிரச்சினைகளைக் கையில் எடுத்தார்கள், இளைஞர் சங்கம் கட்டினார்கள். 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் குண்டுவெடித்து இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் காவலர்களும் இறந்தார்கள். அந்த இன்ஸ்பெக்டரின் மகள் பெயரால் 'அஜந்தா' என்று பெயரிடப்பட்ட நடவடிக்கை, வால்டர் தேவாரம் தலைமையில் தொடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சி. மோதல் என்ற பெயரில் அடுத்தடுத்துப் பிணங்கள். பாலன் செப்டம்பரில் இறந்தார். நாய்க்கன்கொட்டாயில் அப்புவுக்கும் பாலனுக்கும் எழுப்பிய சிலைகள் இன்றும் உள்ளன. வருஷாவருஷம் செப்டம்பர் 12 அன்று அங்கே போலீஸும் கூடும், தோழர்களும் கூடுவார்கள். புத்தகமாக வராத வரலாறு அங்கே சிலையாக நிற்கிறது. சங்கம் இருந்த ஊரில் நினைவும் மிஞ்சுகிறது என்பதற்கு எனக்கு இது ஒரு சான்று.

கட்சி உடைந்த கதையை நான் இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. மாநில அமைப்புக் கமிட்டி, மக்கள் யுத்தம், லிபரேஷன் என்று அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாகப் போகும். யார் எந்த வருஷம் யாரை வலது திரிபு என்றார்கள் என்பதை அந்தந்தக் குழுவின் ஆவணங்கள் அலுக்காமல் சொல்லும். சேதி என்னவென்றால், வயலில் தோற்ற கட்சி பத்திரிகையில் பிழைத்தது. 'மன ஓசை', 'புதிய கலாச்சாரம்', 'புதிய ஜனநாயகம்' எல்லாம் எண்பதுகளில் சிற்றூர்ப் பையன்களின் கைக்கு வந்தன. இன்குலாபின் கவிதை, வெண்மணிக்கான பாட்டாக மேடை மேடையாகப் போனது. இலக்கியக் கணக்கில் லாபமா என்றால் எனக்குச் சந்தேகம். பா. செயப்பிரகாசத்தின் 'ஒரு ஜெருசலேம்' காலத்துக் கதைகளில் இருக்கிற கரிசல் மண்ணின் ஈரம், 'மன ஓசை'யில் சூரியதீபனாக அவர் எழுதியவற்றில் எனக்குக் குறைவாகவே கிடைக்கிறது. கதை முடிவதற்குள் கதாபாத்திரம் தெளிவு பெற்றாக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கும் இருந்திருக்கிறது. ஆசிரியர் குழுவும் ஒரு ரகசியக் குழு மாதிரிதானே.

கலியபெருமாளும் தமிழரசனும் எண்பதுகளின் நடுவில் அகில இந்தியக் கட்சியோடு முறித்துக்கொண்டு தமிழ்த்தேசிய இனப் பிரச்சினையையும் சாதியையும் முன்னால் வைத்துத் தனிக்கட்சி கண்டார்கள். மீன்சுருட்டியில் தமிழரசன் வைத்த சாதி ஒழிப்பு அறிக்கைக்கு இன்றும் வாசகர்கள் இருக்கிறார்கள். இந்திய மார்க்சியர்கள் பலர் தொடத் தயங்கிய இடத்தைத் தொட்டது அது. அதே தமிழரசனின் தமிழ்நாடு விடுதலைப் படை 1987 மார்ச் 15 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வைத்ததில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 25 பேர் இறந்தார்கள். 1987 செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளைக்குப் போன இடத்தில் தமிழரசனும் தோழர்களும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அடித்தது ஊர்மக்கள் என்றது அரசு. மக்களோடு மக்களாக நின்ற மஃப்டி போலீஸ் என்கிறார்கள் தோழர்கள். இரண்டு தரப்பும் உறுதியாகச் சொல்கின்றன. கூட்டத்தில் நின்ற பொன்பரப்பிக்காரர் ஒருவர் அன்று தான் பார்த்ததை உட்கார்ந்து சொல்லி, அதை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருந்தால் நமக்கு எவ்வளவோ தெளிந்திருக்கும்.

'விடுதலை'யில் விஜய் சேதுபதியின் பெருமாள் வாத்தியார், ஜெயமோகனின் 'துணைவன்' கதையில் இருந்து கிளம்பி, கலியபெருமாளும் தமிழரசனும் கலந்த ஒருவராக வளர்ந்து நிற்கிறார். இரண்டாம் பாகத்தில் சர்க்கரை ஆலையும் சங்கமும்கூட வருகின்றன. தியேட்டரில் எனக்கு உற்சாகமாக இருந்தது. ஆனால் வாத்தியார் பேசிக்கொண்டே இருக்கிறார், மலைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போலீஸ் வேலைக்கு வந்த குமரேசனுக்குத்தான் படத்தில் உள்மனம் இருக்கிறது. ஊர்மக்களுக்கு உடம்பு மட்டும்தான், அடி வாங்குவதற்கு. ஐம்பது வருஷம் கழித்து எடுத்த படத்திலும் அந்தக் காதோடு பேசிய காட்சியின் மறுபாதி வரவில்லை.

ஊர்க்காரர்கள் எழுத்தில் பேசுகிற இடம் ஒன்றே ஒன்று உண்டு. வழக்குக் காகிதங்கள். அரசுத் தரப்பு முதல் சாட்சி, இரண்டாம் சாட்சி என்று அங்கே வரிசையாக வருகிறார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன், டார்ச் லைட் வெளிச்சம் பார்த்தேன், இன்னாரை அடையாளம் தெரியும். போலீஸ் சொல்லிக்கொடுத்துச் சொன்னதாக இருக்கலாம் என்பதால் தோழர்கள் அதை நம்புவதில்லை. குற்றவாளிகளின் பெயர் போதும் என்பதால் அரசுக்கும் அது தேவைப்படவில்லை. அந்த வாக்குமூலங்களைக் கையில் வைத்துக்கொண்டு, சாட்சி சொன்னவரின் வீட்டுக்கும், செத்துப்போன நிலக்காரர் வீட்டுக்கும், சோறு போட்டு ஒளித்து வைத்தவர் வீட்டுக்கும் ஒரே ஆள் போய்த் திண்ணையில் உட்கார வேண்டும். பெண்ணாடம் வட்டாரத்தில் 1970இல் இருபது வயதில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது.